பாத்திரமே அடுப்பாகும் விதம்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் எல்லை தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் இருக்கிறது. தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதி மலையும் மதிலாக நிற்க, முதலமடையின் மாந்தோப்புகள் சாலையின் இரு மருங்கிலும் விரிந்து கிடக்க, வீட்டுக்குள் தமிழும் அரசு அலுவலகத்தில் மலையாளமுமாகப் பேசி வாழ்கிற இவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிட்டிருக்கிற பாலக்காட்டுக் கணவாயின் தென்னோரத்தில் அமைந்திருப்பதால், இங்கே காற்று ஓய்ந்திருக்கும் நாள் அபூர்வம். ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து ஈரத்தோடு வருகிறது. மார்கழியிலும் தையிலும் கிழக்கேயிருந்து வறண்டு வருகிறது. இரண்டு பருவத்திலும் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள் ஒரே காட்சியைத்தான் காண்கிறார்கள்: கேஸ் அடுப்பின் நீலச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாத்திரத்தின் அடியை விட்டு விலகி, வெறும் வெளியைச் சுட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்தினால் சுடர் நிமிர்கிறது; ஆனால் சமைப்பவர் வேர்த்துக் கொட்டி, தாளிக்கும் நெடியில் இருமிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

சுடர் திறந்த வெளியில் நிகழும் காரியம் என்பதே இந்தச் சங்கடத்துக்கு மூலம். சிலிண்டருக்குள் அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் ரெகுலேட்டரைக் கடந்து வாயுவாக விரிந்து, பர்னரின் துளைகளில் காற்றோடு கலந்து எரிகையில், சுடரின் உஷ்ணம் இரண்டாயிரம் டிகிரி சென்டிகிரேடை நெருங்குகிறது. அவ்வளவு உஷ்ணமான வாயு பாத்திரத்தின் அடியில் மோதி, பக்கங்களைத் தழுவி, மேலே எழுந்து கூரையை நோக்கிப் போய்விடுகிறது. போகிற போக்கில் அது விட்டுச் செல்லும் பங்கு எதுவோ அதுவே சோற்றை வேகவைக்கிறது. வீட்டுக் கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கும் ஐ.எஸ். 4246 என்ற விதி, குறைந்தபட்ச உஷ்ணத் திறன் 68 சதவிகிதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவு பரிசோதனைச் சாலையில், காற்று அசையாத அறையில், பர்னருக்குத் தகுந்த அகலமுள்ள பாத்திரத்தை வைத்து எடுக்கப்படுவது. பெரிய பர்னரின் மேல் சின்னஞ்சிறு பால் பாத்திரத்தை வைத்து, அவசரத்தில் சுடரை முழுதும் திறந்துவிட்டு, ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிற கோவிந்தாபுரத்துச் சமையலறையில் அந்த அளவை எதிர்பார்ப்பது நியாயமாகாது. தாராளமாகவே மதிப்பிட்டு 60 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்பொழுது ஒரு சிலிண்டரைக் கணக்கிடலாம். அதில் 14.2 கிலோ எரிபொருள் இருக்கிறது. ஒரு கிலோவில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆகவே முழுச் சிலிண்டரில் சுமார் 180 யூனிட் சக்தி. அதில் 108 யூனிட் உணவைச் சேர, எஞ்சிய 72 யூனிட்டும் சமைப்பவரின் முகத்திலும் சுவரிலும் கூரையிலும் போய்ச் சேருகிறது. பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை மாதத்தில் இந்த எழுபத்திரண்டின் பொருள் என்ன என்பதை அந்தச் சமையலறையில் அரைமணி நேரம் நின்றவர்கள் அறிவார்கள். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஹைட்ரஜனும் கரியும் கூடிய எந்தப் பொருள் எரிந்தாலும் நீராவி பிறக்கும்; ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீராவி. ஒரு சிலிண்டர் தீர்ந்துபோகும்போது, சோற்றிலிருந்தும் குழம்பிலிருந்தும் எழுந்த ஆவியைத் தவிர, சுடரிலிருந்து மட்டும் இருபத்திரண்டு லிட்டர் அளவுக்கு நீர் கண்ணுக்குத் தெரியாமல் அந்த அறைக்குள் வந்து கலந்திருக்கிறது. கேஸ் அடுப்பின் முன்னால் உணரும் புழுக்கத்துக்கு வெறும் உஷ்ணம் மட்டுமே காரணமன்று.

இண்டக்ஷன் அடுப்பு இந்தப் பிரச்சினையை அணுகும் விதமே வேறு. உஷ்ணத்தை வெளியே உண்டாக்கிப் பிறகு பாத்திரத்துக்குள் புகுத்துவதற்குப் பதிலாக, பாத்திரத்தின் உலோகத்துக்குள்ளேயே அது பிறக்கும்படி செய்துவிடுகிறது. இதற்கு ஆதாரமான உண்மை 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடேயின் மேஜைமேல் வெளிப்பட்டது. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே தாமிரக் கம்பியைச் சுற்றி, ஒரு சுருளை மின்கலத்தோடும், மற்றொன்றைக் காந்த ஊசிக்கு அருகே சென்ற கம்பியோடும் அவர் இணைத்தார். முதற் சுருளில் மின்சாரம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்த வரையில் ஊசி அசையவில்லை. அது தொடங்கிய கணத்திலும் நின்ற கணத்திலும் மட்டும் ஊசி துள்ளியது. மின்சாரத்தைத் தூண்டுவது காந்தம் இருப்பதால் நிகழ்வதன்று, காந்தத்தின் அளவு மாறுவதால் நிகழ்வது என்று ஃபாரடே கண்டுகொண்டார். ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் என்று நம் காலத்தின் மின்சார வாழ்க்கை முழுவதும் அந்தத் துள்ளலிலிருந்து வளர்ந்ததுதான். 1855-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ, காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே சுழலும் தாமிரத் தகடு தடைப்படுவதையும் சூடேறுவதையும் காட்டினார். ஆழியாற்று வாய்க்காலில் மதகைத் திறந்ததும் கரையோரங்களில் நீர் வட்டமிட்டுச் சுழல்வதைப்போல, மாறும் காந்தப்புலத்துக்குள் அகப்பட்ட உலோகத்திலும் மின்சாரம் சுழல்களாகப் புரள்கிறது; அந்தச் சுழலுக்கு உலோகம் காட்டும் எதிர்ப்பே உஷ்ணமாக மாறுகிறது. நெடுங்காலம் இது இஞ்ஜினீயர்களுக்கு ஓர் உபத்திரவமாகவே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகத்தைத் தனித்தனித் தகடுகளாக வெட்டி அடுக்குவது இந்தச் சுழல்களை ஒடுக்குவதற்காகத்தான். அடுப்பில் அந்த உபத்திரவமே பிரயோஜனமாகிறது.

அடுப்பின் மேற்பலகை கண்ணாடிபோல் தோன்றும் பீங்கான் வகை. அதற்குக் கீழே, மெல்லிய தாமிர இழைகள் பலவற்றைத் திரித்த கம்பி, தட்டையான சுருளாகப் படுத்திருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை திசை மாறி மீள்வது. அவ்வளவு மந்தமான மாற்றம் இந்தக் காரியத்துக்குப் போதாது. ஆகையால் அடுப்புக்குள் இருக்கும் மின்னணுக் கருவி, முதலில் அதை ஒரே திசையில் பாயும் மின்சாரமாக்கி, பிறகு வினாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறி மீளும்படி வெட்டி வெட்டிச் சுருளுக்கு அனுப்புகிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ இருபதாயிரத்தோடு முடிவதால், அதற்கு மேலே போனால்தான் அடுப்பு கீச்சிடாமல் இருக்கும். சமைக்கும்போது நாம் கேட்கும் இரைச்சல், அந்தக் கருவியைக் குளிர்விக்கும் சிறு விசிறியினுடையது.

எல்லா உலோகமும் இதற்கு இணங்கிவிடுவதில்லை என்பதுதான் சமையலறையில் முதன்முதல் எழும் வருத்தம். இவ்வளவு வேகமாகத் திசை மாறும் மின்சாரம் உலோகத்தின் உள்ளே ஆழமாகப் போகாமல் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் இயல்புடையது. தாமிரத்தில் அந்த ஓட்டத்தின் ஆழம் அரை மில்லிமீட்டரை நெருங்குகிறது. இரும்பிலோ, அதன் காந்த குணத்தின் காரணமாக, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அகலமான வழி கிடைத்த தாமிரத்தில் மின்சாரம் சிரமமின்றி ஓடிவிடுகிறது, உஷ்ணம் அதிகம் பிறப்பதில்லை. இரும்பிலோ மெல்லிய படலத்துக்குள் நெருக்கப்பட்டு, தாமிரத்தைக் காட்டிலும் முப்பது மடங்குக்கு மேற்பட்ட எதிர்ப்பைச் சந்திக்கிறது. அந்த நெருக்கடியில்தான் நம்முடைய சோறு வேகிறது.

கோவிந்தாபுரத்தில் ஒரு வீட்டின் அலமாரியைப் பார்த்தால் இந்த விதியின் விளைவுகள் வரிசையாகத் தெரியும். மண்சட்டி, மீன்குழம்புக்கென்றே பழக்கப்பட்டது, உதவாது. பாயசம் கிண்டும் வெண்கல உருளி உதவாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை இந்த அடுப்பில் வைப்பதில் அர்த்தமே இல்லை. அலுமினியக் குக்கரும் அலுமினிய வாணலியும், அடியில் இரும்பு வகைத் தகடு பதித்தவையாக இருந்தாலன்றி, உதவா. எவர்சில்வரிலோ இரண்டு ஜாதி உண்டு: நிக்கல் அதிகமாகச் சேர்ந்து பளபளக்கும் உயர்ந்த வகையைக் காந்தம் இழுப்பதில்லை, குரோமியம் மட்டும் சேர்ந்த வகையைக் காந்தம் பற்றிக்கொள்கிறது. விலை உயர்ந்த பாத்திரத்தை அடுப்பு மறுத்துப் பீப் பீப் என்று கத்துவதும், மலிவான ஒன்றை ஏற்றுக்கொள்வதும் இதனால்தான். கடைக்குப் போகையில் ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துப் போய்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சோதனை.

பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல்லோ சோதனையில் முதல் வகுப்பில் தேறுகிறது. ஆனால் அதில் வேறொரு குறை. நான் பார்த்த ஒரு வீட்டில், எடுத்துப் போட்ட தோசையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு வட்டமும், அதைச் சுற்றிப் பொன்னிறமும், ஓரத்தில் இன்னும் வெளுத்த மாவுமாக இருந்தது. “நடுவுல கருகிப் போகுதுங்க, ஓரம் வேகறதே இல்லைங்க” என்று அந்த அம்மாள் சொன்னது பௌதிக நூலில் எழுதி வைக்கத்தக்க வர்ணனை. சாதாரண வீட்டு அடுப்பில் சுருளின் விட்டம் பதினெட்டு சென்டிமீட்டர் அளவுதான். கல்லின் விட்டமோ முப்பது. உஷ்ணம் சுருளுக்கு நேர்மேலே மட்டும் பிறக்கிறது. வார்ப்பிரும்பு உஷ்ணத்தை ஓரத்துக்குக் கடத்துவதில் மந்தமானது. கல்லை வைத்தவுடன் அதிக சக்தியில் சூடேற்றாமல், குறைந்த சக்தியில் ஐந்தாறு நிமிஷம் காய விட்டு, பிறகு தோசை வார்த்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்குகிறது. குழிந்த அடியுள்ள வாணலிக்கு அப்படி ஒரு பரிகாரமும் இல்லை. பலகையை அது ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, சற்று விலகினாலும் காந்தப்புலம் வேகமாக மெலிந்துவிடுகிறது. தட்டையான அடியுள்ளதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும். மலிவான அடுப்புகளில் இன்னொரு சுபாவமும் உண்டு: ஓர் அளவுக்குக் கீழே சக்தியைத் தொடர்ந்து குறைக்க அவற்றால் முடியாது. ஆகவே சிறுதீயில் வைத்தால் சில வினாடி எரிந்து சில வினாடி அணைந்து, பால் ஒரு கணம் பொங்குவதும் மறு கணம் அடங்குவதுமாக இருக்கும்.

நீரைக் கொதிக்க வைப்பதிலோ இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர, அடுப்பு இழுக்கும் சக்தியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பயனாகிறதென்று கொண்டால், பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். 1,800 வாட் அடுப்பில் மூன்றேகால் நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். ஆடிக்காற்று ஜன்னல் வழியே எவ்வளவு பலமாக அடித்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாறுதல் இல்லை. 1950-களின் நடுவில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃப்ரிஜிடேர் பிரிவினர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார்கள், தாள் தீப்பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வெஸ்டிங்ஹவுஸ் இத்தகைய அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை குறைந்து நம் ஊர்ப் பாத்திரக்கடை வரை வந்து சேர மேலும் நாற்பது வருஷம் ஆயிற்று.

ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்கையில் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் டிகிரியை நெருங்கும் சுடரில் கேஸ் மட்டும் எரிவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்த உஷ்ணத்தில் ஒன்றோடொன்று கூடி நைட்ரஜன் டையாக்ஸைட் என்ற வாயு உண்டாகிறது. இது சுவாசக் குழாயை எரிச்சலூட்டி, ஆஸ்துமா உள்ள குழந்தைகளை வருத்துவது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதற்கான வருஷ சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று முன்னிருந்ததைவிட வெகுவாகக் குறைத்தது. சுடரே இல்லாத அடுப்பில் இந்த வாயு பிறக்க வழியில்லை. ஆயினும், கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் வெடிக்கும்போது எழும் நெடியும், அப்பளம் பொரிக்கும் புகையும் அடுப்பின் ஜாதியைப் பார்ப்பவை அல்ல. அவற்றை வெளியேற்ற ஜன்னலும் விசிறியும் எப்போதும் தேவை. நல்ல வேளையாக, இந்த அடுப்பு இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைக்கத் தடையில்லை. தென்னமட்டையும் கொட்டாங்குச்சியும் எரித்துச் சமைக்கும் வீடு நேரே மின்சாரத்துக்கு மாறினால் கிடைக்கும் நன்மையோ கேஸிலிருந்து மாறுபவரின் நன்மையைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் விறகு இலவசமாகக் கிடைக்கும் வீடுதான் கடைசியாக மாறும் என்பது எல்லா நாட்டிலும் காணப்படும் உண்மை.

இனிப் பணம். சிலிண்டரிலிருந்து உணவைச் சேரும் 108 யூனிட்டை இண்டக்ஷன் அடுப்பின் வழியாகப் பெற 127 யூனிட் மின்சாரம் வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. அந்த விலையை 127-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் எண்பது காசுக்குச் சற்று மேலே நிற்கிறது. நம் வீட்டில் கடைசியாகச் செலவாகும் யூனிட்டின் விலை இதற்குக் கீழே இருந்தால் மின்சாரம் லாபம். மேலே இருந்தால் கேஸ் லாபம். கடைசி யூனிட் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோவிந்தாபுரத்தைப்போல் அதை விளக்கும் ஊர் வேறில்லை. செக்போஸ்டுக்குக் கிழக்கே உள்ள வீட்டுக்கு, தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையிலும் ஒரு பகுதி பறிபோகிறது. மேற்கே உள்ள வீட்டுக்குக் கேரள மின்வாரியத்தின் கணக்கு வேறு: மாதம் 250 யூனிட் வரையில் படிப்படியாக உயரும் விலை, 250-ஐத் தாண்டிவிட்டால் அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர் செலவழிக்கும் குடும்பம் முழுவதும் மின்சாரத்துக்கு மாறினால், மாதத்துக்கு 85 யூனிட் கூடும். இதுவரை 100 யூனிட் செலவழித்த வீட்டுக்கு அது சேமிப்பு. 200 யூனிட் செலவழித்த வீட்டுக்கோ, அடுப்பினால் மட்டுமன்றி மின்விசிறியும் ஃபிரிட்ஜும் செலவழித்த பழைய யூனிட்டுகளினாலும் பில் ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் லாபம் என்று சொன்னதைக் கேட்டு மாறுவதற்குமுன், நம் வீட்டுப் பழைய பில்லை எடுத்துப் பார்ப்பதே விவேகம்.

தேசத்தின் அளவில் பார்த்தால் கணக்கு மேலும் கனமானது. இந்தியா செலவழிக்கும் சமையல் கேஸில் ஐந்தில் மூன்று பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. அதிலும் பெரும்பகுதி ஹோர்முஸ் ஜலசந்தி என்ற குறுகலான கடல்வழியைக் கடந்து வர வேண்டியது. 33 கோடியை நெருங்கிய இணைப்புகள் அந்த ஒரு வழியை நம்பியிருப்பது கவலைக்குரிய நிலை. 2023-இல் மத்திய அரசின் மின்துறையைச் சார்ந்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் இருபது லட்சம் இண்டக்ஷன் அடுப்புகளைப் பரப்பும் திட்டத்தை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். தென் அமெரிக்காவில் ஈக்வடார் இதே நோக்கத்தோடு 2014-இல் முப்பது லட்சம் வீடுகளை மாற்ற முனைந்தது. சமையலுக்கென்று மாதம் 80 யூனிட் இலவசமாகத் தந்தது. மலையருவிகளில் பெரிய நீர்மின் நிலையங்களையும் கட்டியது. ஆனால் கேஸுக்குக் கொடுத்துவந்த மானியத்தை எடுக்க அரசாங்கத்துக்குத் துணிவு வரவில்லை. ஒன்றரை டாலருக்குச் சற்று மேலான விலையில் சிலிண்டர் கிடைத்துக்கொண்டிருந்தபோது, மக்கள் புதிய அடுப்பை ஏன் நாடுவார்கள்? திட்டம் குறியை எட்டவில்லை.

அடுப்பில் தீ இல்லையென்றால் எங்குமே தீ இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது வேறிடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஒரு சிலிண்டர் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. இந்திய மின்தொடரில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால், 127 யூனிட்டுக்கு 90 கிலோவை நெருங்குகிறது. நெய்வேலியிலோ வடக்கே வேறெங்கோ நிலக்கரி எரியும் உலையில் மூன்றில் இரண்டு பங்கு உஷ்ணம் வீணாகிவிடுவதே இதற்குக் காரணம். எல்லா வீடுகளும் இன்றே மாறினால் வானம் தூய்மையாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே எழுதுகிறார்கள். வீட்டுக்குள் சுவாசிக்கும் காற்று தூய்மையாகும் என்பது உறுதி. வெளியே உள்ள வானத்துக்கு என்ன நேரும் என்பது அந்த மின்சாரம் எதிலிருந்து, எந்த வேளையில் பிறந்தது என்பதைப் பொறுத்தது.

அவ்வகையில் இந்த எல்லைப்புறம் பாக்கியம் செய்த பூமி. இடுக்கியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது; அதே மாவட்டத்தில், இன்று 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கி நிலையம் 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே நிற்கும் ஆனைமலையில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் நீர் இறங்குகையில் சர்க்கார்பதியில் 30 மெகாவாட் பிறக்கிறது. மலையின் உள்ளே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம், மின்சாரம் மிகுந்த வேளையில் கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றி வைத்து, தட்டுப்பாடான வேளையில் அதை இறக்கி மின்சாரத்தைத் திரும்பத் தருகிறது. கணவாயின் காற்றைப் பிடிக்கக் கஞ்சிக்கோட்டில் 1995-இலேயே காற்றாலைகள் எழுந்தன. உடுமலை, பல்லடம் பக்கத்துச் சமவெளியில் அவை காடாகவே வளர்ந்திருக்கின்றன. கேஸ் சுடரைச் சாய்த்த அதே ஆடிக்காற்றுதான் அந்த இறக்கைகளைச் சுழற்றுவது.

இருந்தும் கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. அங்கே நெருக்கடியான வேளை மாலை ஆறிலிருந்து பத்து வரை. 2024 மே மாதக் கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியதும் இரவில்தான். சூரியன் மறைந்த பிறகு, எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஏசியும் ஓடும்போது, இரண்டாயிரம் வாட் அடுப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்துகொண்டால் கம்பிகள் தாங்கா. வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில் வோல்டேஜ் விழுந்து அடுப்பு தானாக அணைந்துவிடும். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்குப் பகலில் குறைந்த கட்டணமும் மாலை உச்சவேளையில் கூடுதல் கட்டணமும் மின்வாரியம் விதித்திருப்பது இந்த நெருக்கடியைத் தளர்த்துவதற்காக. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிலைமை தலைகீழ்: சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் மிஞ்சி நிற்கிறது, யூனிட்டுக்கு வெளிப்படும் கரியும் குறைகிறது. கேரள அரசின் எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர் ‘அங்கன்ஜோதி’ என்ற பெயரில் அங்கன்வாடிச் சமையலறைகளை மின்சாரத்துக்கு மாற்றி வருவதை நான் மிகவும் சரியான தொடக்கமென்று கருதுவது இந்தக் காரணத்தால். குழந்தைகளின் கஞ்சியும் பயறும் அங்கே வேகும் நேரம் உச்சி வெயில் நேரம்.

வீட்டில் மாற விரும்புகிறவர் அடுப்புக்குமுன் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மிக்ஸிக்குப் போட்டிருக்கும் ஆறு ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால், சில வாரத்தில் பிளக்கின் முள்ளைச் சுற்றிப் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி வளைந்து, கருகிய வாடை வரத் தொடங்கும். பதினாறு ஆம்பியர் பவர் பிளக், அதற்கென்று தனியே இழுத்த தடித்த தாமிர ஒயர், ஒழுங்கான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ஆகியவை இல்லாமல் இந்த அடுப்பை நடத்துவது ஆபத்து. மார்பில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இயங்கிக்கொண்டிருக்கும் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்பது நலம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அத்தகைய பெரியவர் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையில் மரக்கிளை கம்பிமேல் விழுந்தால் கோவிந்தாபுரத்தில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இராது என்பது ஊராருக்குத் தெரியும். புழுங்கலரிசியையும் மட்டையரிசியையும் பருப்பையும், நெடுநேரம் வேகவேண்டிய எதையும், பகல் பதினோரு மணிக்குமேல் மின்சார அடுப்பில் வேகவைத்துக்கொண்டு, உருளியில் கிண்டுவதற்கும் இரவு ரசம் தாளிப்பதற்கும் கேஸை வைத்துக்கொண்டால், ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் நான்கு மாதம் வரும். பல வீடுகளில் மின்சார பில்லும் படியைத் தாண்டாது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது; அவர்கள் விடியற்காலையில் ஆறு மணிக்குள் சமைத்துவிடுவதே மின்தொடருக்குச் சுமையில்லாத வழி. கூரையில் சூரியத் தகடு போட்டவர்களின் கணக்கு இவை எல்லாவற்றிலும் வேறு.